விமானத்துக்கு ஒரு கூரை போடுங்கள்

நகராட்சி ஆணையர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கமுங்க.

சுதந்திர தினத்துக்கு முந்தின வாரம் நம் பூங்காவில் நிற்கும் நேட் போர் விமானத்துக்கு சில்வர் பெயிண்ட் அடித்தீர்கள். காலையில் நடக்க வந்த நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவர் செருப்புக் காலோடு இறக்கை மேல் ஏறி நின்றார். இன்னொருவர் தின்னரில் நனைத்த பனியன் வேஸ்டால் விமானியின் கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது கண்ணாடி இல்லைங்க, அக்ரிலிக். தின்னர் பட்டால் நூல் நூலாக வெடிப்பு விடும். சொன்னேன். "ரெண்டு நாள்ல முடிக்கச் சொல்லியிருக்காங்க, நீங்க மேல கேளுங்க ஐயா" என்றார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. மேலே கேட்கத்தான் இந்த மடல்.

விமானப்படையின் வட்டச் சின்னத்தில் காவி வெளியே, பச்சை நடுவே இருக்கும். இப்போது பச்சை வெளியே வந்துவிட்டது. அதை ஒரு மணி நேரத்தில் திருத்திவிடலாம். என் தூக்கத்தைக் கெடுப்பது வேறு.

போன வாரம் இரவெல்லாம் மழை. விடிந்ததும் போய் விமானத்தின் அடியில் குனிந்து பார்த்தேன். உள்ளே இறங்கும் தண்ணீர் வடிவதற்கென்றே அடிவயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. புதுப் பெயிண்ட் அத்தனையையும் அடைத்திருந்தது. ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து ஒரு துளையில் குத்தினேன். கருப்பாகத் தண்ணீர் கொட்டியது, புறா எச்ச நாற்றத்தோடு. கையிலிருந்த ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்தேன். பாட்டில் நிறைந்த பிறகும் வடிவது நிற்கவில்லை. அது ஒரே ஒரு துளை. பாட்டிலை வீட்டுத் திண்ணையில் வைத்தேன். மதியத்துக்குள் அடியில் வெள்ளையாக மாவு போலத் தங்கிவிட்டது. அந்த மாவு வேறெதுவும் இல்லை, விமானம்தான். அலுமினியம் அரித்தால் அப்படித்தான் வெள்ளைப் பொடியாகும்.

நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்கூட்டைப் பழுது பார்ப்பவனாக இருந்தவன். இதே ரக விமானத்தில் கை வைத்து வேலை பார்த்தவன். இரும்பு துருப்பிடித்தால் ஊருக்கே தெரியும், செக்கச்செவேலென்று காட்டிக்கொடுத்துவிடும். அலுமினியம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. பெயிண்டுக்கு அடியிலேயே ஏடு ஏடாகப் பொருக்குத் தட்டும். எஃகு போல்ட்டும் அலுமினியத் தகடும் ஈரத்தில் ஒட்டி நின்றால் முதலில் கரைவது தகடுதான். வெளியே பளபளப்பு இருக்கும், உள்ளே விலா எலும்பு போயிருக்கும். அப்புறம் ஒருநாள் இறக்கை தொங்கும். குழந்தைகள் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடம் அது.

இன்னொன்று. விமானம் ஆடாமல் நிற்கட்டும் என்று சக்கரங்களைச் சுற்றி சிமெண்ட் கலவை போட்டிருக்கிறீர்கள். சிமெண்டின் காரம் அலுமினியத்தைத் தின்னும். ஈரமும் அதற்குள்ளேயே தங்கும். அதை உடைத்து எடுத்துவிட்டு, எஃகுத் தாங்கிகளில் விமானத்தின் எடையை ஏற்ற வேண்டும்.

இது என்ன விமானம் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்தி 'சேபர் ஸ்லேயர்', அதாவது சேபரைக் கொல்பவன் என்று பெயர் வாங்கிய ரகம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரை சேபர்கள் தாக்கியபோது, குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுதளத்திலிருந்தே நேட்டைக் கிளப்பி, தனியாக அவற்றோடு மோதி உயிர் விட்டவர் நிர்மல்ஜித் சிங் செகோன். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். அவருடைய 18-ஆவது ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவு 2020-இல் தேஜஸ் விமானங்களோடு மறுபடி உயிர்பெற்றது நம் சூலூர் விமானப்படைத் தளத்தில். அந்தப் பிள்ளைகள் நம் தலைக்கு மேல்தான் பறந்தார்கள். அவர்களுடைய படைப்பிரிவு பறந்த ரகம் இங்கே வயிற்றில் தண்ணீரோடு நிற்கிறது.

ஆகவே கேட்கிறேன்: ஒரு கூரை போடுங்கள். அரண்மனை கேட்கவில்லை. நாலு பக்கமும் காற்று போகிற மாதிரி, இரும்புத் தூண் நட்டு, தகரக் கூரை. நேட் சின்ன விமானம், நீளம் 9 மீட்டர்கூட இல்லை, இறக்கை முனைக்கு முனை 7 மீட்டருக்கும் குறைவு. பல்லடம் பக்கம் போனால் கோழிப்பண்ணைக் கொட்டகை இதைவிட எத்தனையோ மடங்கு நீளம். கோழிக்கும் தறிக்கும் கூரை போடத் தெரிந்த ஊர் நம்முடையது. புலியோடு போராடிய வீரனுக்காக நட்டு, ஊர் எல்லையில் நிற்கும் புலிக்குத்திக் கல்லுக்கு இன்றும் விளக்கு வைக்கிற ஊர். இந்த விமானமும் அப்படி ஒரு கல்தானே? திறந்துவைத்தவர்களின் பெயர் பொறித்த கிரானைட் பலகைக்கு மட்டும் மேலே சின்னதாகக் கூரை இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

2025 செப்டம்பர் 26-இல் மிக்-21 விமானங்களுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இனி ஊர் ஊராக "எங்களுக்கு ஒன்று கொடுங்கள்" என்று கேட்பார்கள். கேட்பது நல்லது. ஆனால் வாங்கி நிறுத்தும் நாளில் மாலை, மேளம், அதற்கப்புறம் வெயிலும் மழையும்தான் துணை என்றால் எதற்காகக் கேட்க வேண்டும்? பழைய இரும்புக் கடைக்கே போயிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். இங்கே பத்து வருடம் இழுத்துக்கொண்டு சாகிறது.

கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் காற்றில் கடல் உப்பு இல்லை. அதனால் இன்னும் காப்பாற்ற முடியும். ஐப்பசி மழைக்கு முன் கூரையைப் போடுங்கள். அதுவரை துளைகளைத் திறந்து, காற்று உள்ளே போகும் வாய்களில் புறா நுழையாதபடி வலை கட்ட மட்டும் அனுமதி கொடுங்கள். என்னோடு வேலை பார்த்த மூன்று பேர் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். லேத் பட்டறை வைத்திருக்கும் என் மருமகன் தாங்கிகளைச் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறான். கூலி வேண்டாம். ஏணியும் கையெழுத்திட்ட ஒரு கடிதமும் போதும்.

அந்தப் பாட்டிலை எடுத்து வைத்திருக்கிறேன். நேரம் கொடுத்தால் அலுவலகத்துக்கே கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பூங்காவுக்குத் தினமும் வரும் முன்னாள் விமானப்படை வீரன்