பள்ளி மைதானம்: 200 மீட்டர் ஓடுபாதைக்கு ஞாயிறன்று அளவெடுப்பு

நண்பர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு மண் ஓடுபாதைக்கு அளவு போடுகிறோம். தடங்கள் நான்கு, ஒவ்வொன்றும் 1.22 மீ. நேர்ப்பகுதி 40 மீ, வளைவின் உள்கோட்டு ஆரம் 18.90 மீ. மொத்த இடம் 88 × 48 மீ.

1. 100 மீட்டர் ஸ்டீல் டேப் இருப்பவர்கள் கொண்டுவரவும். துணி டேப் வேண்டவே வேண்டாம், இழுத்தால் நீளும்.
2. வளைவு வரையக் கயிறுக்குப் பதில் கட்டுக்கம்பி. மையத்தில் அடிக்க இரண்டடிக் கம்பி முளை 2. முளை அசைந்தால் வளைவு கோணிவிடும்.
3. நேர்ப்பகுதிகளின் நான்கு முனைகளுக்கும் மூலைக்கு மூலை குறுக்களவு இருபுறமும் 55.03 மீ வர வேண்டும். வராமல் கோடு போடக் கூடாது. பிறகு எதுவும் சேராது.
4. வெளித் தடங்களின் சுற்று நீளம் என்பதால், ஒரு சுற்று ஓட்டத்துக்குத் தொடக்கக் கோட்டை முன்தள்ள வேண்டிய அளவு: 2ஆம் தடம் 7.67, 3ஆம் தடம் 15.33, 4ஆம் தடம் 23.00 மீ. முதல் தடத்தையும் உள்கோட்டிலிருந்து 20 செ.மீ. வெளியே தள்ளியே அளக்கிறோம்.
5. கோட்டுக்கு வெள்ளைக் கோலமாவு. சுண்ணாம்பு பிள்ளைகளின் கண்ணை எரிக்கும்.
6. மட்டம் பார்க்க டியூப் லெவல் ஒன்று. பாதை உள்பக்கமாக 5 செ.மீ. சரிய வேண்டும், இல்லையென்றால் மழைநீர் தேங்கும்.

ரோலர் வேலை அடுத்த வாரம். மண் ஈரப்பதமாக இருக்கும்போதுதான் உருட்ட வேண்டும். சேறானால் உருளையில் ஒட்டிப் பெயர்ந்து வரும்.

வருபவர்கள் பெயரையும் கொண்டுவரும் பொருளையும் வெள்ளி இரவுக்குள் இங்கே பதிவிடவும்.