கரம் போர்ட் விற்கும் கடைகளுக்குச் சில வார்த்தைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ கரம் போர்ட் வாங்கப் போனால், புத்தகக் கடையோ சப்பாத்துக் கடையோ, ஏதோ ஒன்றின் பின்சுவரில் அது சாய்ந்து நிற்கும். செஸ் பெட்டி கண்ணாடி அலுமாரிக்குள் பொலித்தீன் பிரிக்காமல் கிடக்கும். திறந்து காட்டச் சொன்னால் "எடுப்பதென்றால் திறக்கலாம்" என்று பதில் வரும். மேசை விளையாட்டுகளுக்கென்றே தனிக்கடை போட எண்ணும் இளைஞர்களும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கொழும்பில் ஓடுகிற கடையைப் பார்த்து அப்படியே இங்கே போட்டால் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பாதிச் சரக்கு பழுதாகிவிடும். சரக்கை ஈரத்திலிருந்து காப்பாற்றத் தெரிந்திருக்க வேண்டும், வாங்க வருபவர் உட்கார்ந்து ஆடிப்பார்க்க ஒரு மேசை வேண்டும். மலையகத்துக் கடைக்கு இந்த இரண்டும் இல்லாமல் மற்றது எது இருந்தும் பயனில்லை.

கரம் போர்டின் மேல்பக்கம் வார்னிஷ் பூசி வழவழவென்று இருக்கும். மலிவான போர்டுகளின் அடிப்பக்கமோ வெறும் பலகையாகவே விடப்பட்டிருக்கும். மே மாதம் மழை தொடங்கியதும் அந்த அடிப்பக்கம் மட்டும் ஈரம் குடித்து விரியும். மேல்பக்கம் விரியாததால் போர்டின் நடு கீழே இறங்கும். பிறகு மெதுவாக அடிக்கிற காயெல்லாம் நடு வட்டத்தை நோக்கி வளைந்து போகும். "போர்ட் இழுக்குது" என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். சீமெந்துச் சுவரில் சாய்த்து வைத்தால் கேடு இன்னும் சீக்கிரம் வரும். நிலத்திலிருந்து அரையடி உயரத்தில் மட்டமான மரச்சட்டம் அடித்து, சுவருக்கு ஒரு சாண் தள்ளி, போர்டுகளைப் படுக்கையாக அடுக்க வேண்டும். விற்பதற்கு முன் அடிப்பக்கத்துக்கும் குழிகளின் வெட்டு விளிம்புக்கும் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்துக் கொடுக்கிற முதலாளியைத் தாராளமாக நம்பலாம். ஈரமான போர்டை அடுப்படியில் காய வைக்க வேண்டாம் என்பதையும் அவரே சொல்லி அனுப்ப வேண்டும். சூட்டில் பிளைவூட்டின் தட்டுகள் ஒன்றையொன்று விட்டுக் கழன்றுவிடும். அதன் பிறகு எந்தத் தச்சராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வாங்குபவர் செய்து பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. இரண்டடி நீளமான அலுமினியச் சட்டம் ஒன்றைப் போர்டின் மேல் குறுக்காக நிறுத்தி, பின்னாலிருந்து போன் டோர்ச்சை அடியுங்கள். சட்டத்துக்கு அடியில் நடுவில் வெளிச்சம் கசிந்தால் போர்ட் குழிந்திருக்கிறது, ஓரங்களில் கசிந்தால் நடு மேடாகியிருக்கிறது. சர்வதேச விதிப்படி ஆடுபரப்பு 73.5 முதல் 74 சென்ரிமீற்றர் வரை, பலகையின் தடிப்பு குறைந்தது 8 மில்லிமீற்றர், குழியின் விட்டம் 4.45 சென்ரிமீற்றர். காய்களை அடிக்கிற வட்டான ஸ்ட்ரைக்கரை, 15 கிராம் எடையுள்ளதை, முழுப் பலத்தோடு அடித்தால் அது மூன்றரைத் தடவையாவது போய்வர வேண்டும் என்பதும் அதே விதிதான். நல்ல கடையில் இந்தச் சோதனையை வாங்குபவர் கேட்க வேண்டியிருக்காது, கடைக்காரரே அடித்துக் காட்டுவார்.

கடையில் சின்னத் தராசு ஒன்றும் இருக்கட்டும், நகைக்கடையில் வைத்திருப்பது போல. ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது, விட்டம் 4.13 சென்ரிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. காய் ஒவ்வொன்றும் 5 முதல் 5.5 கிராம். பாரமான ஸ்ட்ரைக்கரைத்தான் பிள்ளைகள் கேட்பார்கள், அடி பலமாக விழும் என்று. அதில் காய் பிளக்கும், கையும் கெட்டுப் பழகும். 2012இல் கொழும்பில் நடந்த உலகக் கரம் சம்பியன்ஷிப்பில் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை நம் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ வென்றார். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு தோட்டத்துப் பிள்ளை கனத்த ஸ்ட்ரைக்கரில் வருடக்கணக்காகப் பழகிவிட்டுப் போட்டியில் 15 கிராமைக் கையிலெடுத்துத் தடுமாறினால், பழியில் பாதி விற்றவருக்குத்தான்.

பவுடர் விஷயத்திலும் ஒரு வார்த்தை. மூடி இறுக்கமில்லாத டின்னில் போரிக் பவுடர் கட்டிபிடித்துவிடும். அதைப் போர்டில் தேய்த்தால் பசைபோல ஒட்டிக்கொண்டு காயை நிறுத்தும். பழைய பவுடரை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தெடுத்த பிறகே புதியதைத் தூவ வேண்டும். ஈரத் துணி பக்கத்திலேயே வரக் கூடாது. வாயில் போனால் போரிக் பவுடர் நஞ்சு. பால்மா டின்னில் கொட்டி வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அதைக் கடைக்காரர் கண்டித்தே சொல்ல வேண்டும்.

காட்ஸ் கட்டில் கடதாசியை விட்டுப் பிளாஸ்டிக்கையே வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. 304 என்ற சீட்டாட்டம் ஆடுகிறவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அந்த ஆட்டத்தில் 52இல் 32தான் கைக்கு வரும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயீனுக்கு 2 என்று ஒரு இனத்துக்கு 76 புள்ளி. ஈரத்தில் உப்பிய கடதாசிக் கட்டில் ஒரு ஜாக்கின் மூலை மடிந்தால் போதும், 30 புள்ளி யார் கையில் இருக்கிறது என்று மேசையைச் சுற்றி எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

செஸ் செட்டுக்குச் சுருக்கமான சோதனை: நான்கு சிப்பாய்களை ஒரே கட்டத்துக்குள் நிறுத்திப் பாருங்கள். அடங்காவிட்டால் காய்க்குப் போர்ட் சிறிது. போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு ராஜா சுமார் 9.5 சென்ரிமீற்றர் உயரமும் கட்டம் 5 முதல் 6 சென்ரிமீற்றரும் உள்ள செட்டே வேண்டும். மடிக்கிற மரப் பலகையைவிடச் சுருட்டுகிற வினைல் விரிப்பு நமது காலநிலைக்குத் தோது. பஸ்ஸில் கொண்டு போகவும் சுலபம்.

இனி மேசை. சட்டத்தோடு சேர்த்துக் கரம் போர்ட் கிட்டத்தட்ட மூன்றடி அகலம். நான்கு பேர் கதிரை போட்டு உட்கார எட்டடிக்கு எட்டடி வேண்டும். பத்தடிக்கு இருபதடிக் கடையில் ஒரு கரம், இரண்டு சிறு மேசை, கல்லா, அலுமாரி. அதற்கு மேல் திணித்தால் பிற்பகலில் உள்ளே நுழைய முடியாது. கரமும் செஸ்ஸும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் சரிப்படாது. கிழமையில் நாளைப் பிரித்துவிடுங்கள். பல்ப் போர்டின் நடுவுக்கு நேர் மேலே தொங்க வேண்டும். ஓரத்தில் இருந்தால் ஒருவர் கையின் நிழல் மற்றவர் காயில் விழும்.

வெளிநாட்டுப் பெட்டி விளையாட்டுகளை விற்பவர் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியைத் திறந்து வைக்க வேண்டும். 1995இல் ஜேர்மனியில் வெளிவந்த கட்டான் போன்ற ஆட்டத்தின் பெட்டிப் படத்தைப் பார்த்துப் பல ஆயிரம் கொடுக்க இங்கே யாருக்கும் மனம் வராது. ஒரு சுற்று ஆடிப் பார்த்தால் வரும். விதிகளைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி உள்ளே வையுங்கள். எப்படி வெல்வது, என் முறை வந்தால் நான் என்னென்ன செய்யலாம், ஆட்டம் எப்போது முடியும், இந்த வரிசையில். ஆங்கிலப் புத்தகத்தில் உள்ள விதிவிலக்குகளை எல்லாம் முதலிலேயே சொல்லத் தொடங்கினால் மூன்றாவது நிமிடத்தில் பிள்ளைகள் போனை எடுத்துவிடுவார்கள். திறந்த பெட்டியின் மூடிக்குள் துண்டுகளின் எண்ணிக்கையை ஒட்டி, மூடும்போது ஆடியவர்களையே எண்ணச் செய்யுங்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் கிடக்கட்டும்.

போட்டி வைத்தால் தோற்றவரை வெளியே அனுப்பும் முறை வேண்டாம். மஸ்கெலியாவிலிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளை முதல் ஆட்டத்தில் தோற்று உடனே திரும்புவதா? யாரையும் வெளியேற்றாமல், ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்டச் சம புள்ளியில் இருப்பவர்களை மோதவிடும் சுவிஸ் முறையில் 32 பேருக்கு ஐந்து சுற்று, எல்லோரும் ஐந்தும் ஆடலாம். செஸ்ஸில் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் வைத்தால் இடைவெளியோடு மூன்றரை மணித்தியாலம். காலை பத்து மணிக்குத் தொடங்கினால், தோட்டத்துக்குப் போகிற கடைசி பஸ்ஸை யாரும் தவற விடமாட்டார்கள்.

காசு வைத்து ஆடுவது ஒரு தடவைகூட நடக்கக் கூடாது, ஐம்பது ரூபாய்க்குக்கூட. ஒரே ஒரு தடவை என்று கண்ணை மூடிக்கொண்டால் பெண் பிள்ளைகளை வீட்டார் அதன் பிறகு அனுப்பமாட்டார்கள். சுத்தமான கழிவறை இல்லாவிட்டாலும் அதே கதைதான்.

கடைசியாக, உதிரிகள். ஒரு சிவப்புக் காய் தொலைந்ததற்காக முழு செட் வாங்க வைக்காதீர்கள். தனிக் காய், குழி வலை, செஸ் ராணி, தாயக்கட்டை என்று டப்பா டப்பாவாக உதிரிகள் இருக்கட்டும். லாபம் சில்லறைதான், ஆனால் வாங்க வருபவர் மாதா மாதம் வருவார். உங்கள் ஞாயிறு பதிப்பில் மலையக நகரங்களின் கரம், சதுரங்கப் போட்டித் திகதிகளுக்கு நான்கு அங்குல இடம் ஒதுக்கினால், இப்படிக் கடை நடத்த முன்வருபவர்களுக்கு அதுவும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கரம், சதுரங்க ஆர்வலர்கள் சிலர்,
ஹட்டன்.