வங்கிக்குப் போய் வந்தேன், மக்களே

குலசேகரம்
20.6.2025

என் பிள்ளையே, அன்பு மக்களே,

செவ்வாய்க்கிழமை இரவு எட்டேகால் மணிக்கு வீட்டுக்கடன் பாக்கியைக் கேட்டு ஒருவன் போன் செய்தான். கடன் பத்திரத்தில் நானும் கையெழுத்துப் போட்டவள்தானே. ஏப்ரல், மே, ஜூன் மூன்று தவணையும் நின்றுபோனது அப்போதுதான் எனக்குத் தெரியும். நான் அழுத்திக் கேட்ட பிறகே, மார்ச்சிலிருந்து கம்பெனி பாதிச் சம்பளம்தான் தருகிறது என்று சொன்னாய். ஞாயிறுதோறும் பேசுகிறாயே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் மார்த்தாண்டம் போய்விட்டேன். போகும் முன் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நம் வரவு செலவை எழுதிக்கொண்டேன். நீ அனுப்புவது, ரப்பர் பால்வெட்டில் வருவது, மழைக்காலத்தில் வெட்டு நிற்கும் மாதங்கள், அப்பாவின் மருந்து எல்லாம். வங்கி மேலாளர் அதை விரல் வைத்து வரி வரியாக வாசித்தார். மருந்துச் செலவில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அதன்பிறகு அவர் பேச்சில் கடுமை இல்லை.

அவரிடம் கேட்டறிந்ததை உனக்கும் சொல்கிறேன். ஒரு தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன்பின் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் வரும். அதற்குள் பணம் கட்டாவிட்டால், வழக்குப் போடாமலே வீட்டைக் கைப்பற்ற வங்கிக்கு அதிகாரம் உண்டு. நம் ஏப்ரல் தவணைக்கு ஜூலை முதல் வாரத்தோடு கெடு முடிகிறது. அதனால் அடுக்களைப் புகையில் தொங்கிய ரப்பர் சீட்டையும் சேர்த்து வைத்திருந்த ஒட்டுபாலையும் விற்று, நேற்று அந்த ஒரு தவணையைக் கட்டிவிட்டேன். இனி மே தவணையிலிருந்துதான் நாள் எண்ணுவார்கள். ஆகஸ்ட் தொடக்கம் வரை மூச்சு விடலாம்.

அசல் இன்னும் 13 லட்சத்து 70 ஆயிரம் இருக்கிறது. இன்னும் எட்டு ஆண்டில் முடிய வேண்டியதைப் பதின்மூன்று ஆண்டாக நீட்டினால், 19,800 ரூபாய்த் தவணை 14,500 அளவுக்கு இறங்கும். மொத்தத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் வட்டி கூடும் என்று அவரே கணக்குப் போட்டுக் காட்டினார். எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் நம்முடையது மாறும் வட்டிக் கடன். கையில் பணம் வரும்போது அசலில் முன்கூட்டியே கட்டினால் அபராதம் கிடையாது. உன் சம்பளம் நேரானதும் அப்படிக் கட்டிக் குறைத்துவிடலாம். இப்படித் தவணையை மாற்றுவது மறுசீரமைப்பு என்று பதிவானால் உன் கடன் அறிக்கையில் அது தெரியும், புதுக்கடன் கேட்கும்போது தடை வரும். அதையும் தெரிந்துகொள்.

இன்னொன்றும் கேட்டேன். 2018-ல் எடுத்த கடன் ஆகையால் நம்முடையது இன்னும் பழைய எம்.சி.எல்.ஆர். வட்டியில், அதாவது வங்கி தன் செலவைக் கணக்குப் பார்த்துத் தானே வைக்கும் வட்டியில், நிற்கிறது. ரிசர்வ் வங்கி இந்தப் பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள், வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியை 6.5 சதவீதத்திலிருந்து 5.5-க்குக் குறைத்தும் நமக்கு ஒரு பைசா குறையவில்லை. ரெப்போவோடு இணைந்த வட்டிக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் கட்டணம் உண்டு, பரவாயில்லை.

கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கி வந்தேன். மை பரவியிருந்தாலும் தேதி தெளிவாகத் தெரிகிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். அந்த இரவுப் போனைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்பது விதி.

உன் தங்கை தன் வளையல்களைக் கழற்றி மேசையில் வைத்தாள். திரும்பப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். வட்டிக்கு விடுகிறவர் ஒருவரும் வாசல்வரை வந்து போனார். அந்தப் பக்கம் நீ நினைத்துக்கூடப் பார்க்காதே. ஒக்கிப் புயலில் மரம் சாய்ந்து ஓட்டு வீடு நொறுங்கிய அன்று, மழையில் நின்று, “அம்மை, நான் வேறு வீடு கட்டித் தருவேன்” என்றாய். கட்டியும் தந்தாய். அந்த வீட்டை நாம் சேர்ந்தே காப்போம்.

நீ செய்ய வேண்டியது இதுதான். சம்பளம் குறைந்ததற்குக் கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கு. ஆறு மாதச் சம்பளக் கணக்கு அறிக்கையையும், தவணைக் காலத்தை நீட்டக் கேட்டு நீ கையெழுத்திட்ட விண்ணப்பத்தையும் அதோடு சேர்த்து வங்கியின் மின்னஞ்சலுக்கு அனுப்பு, எனக்கும் ஒரு படி அனுப்பு. எவ்வளவு கட்ட முடியுமோ அதை மட்டும் எழுது. கூட்டி எழுதிவிட்டுப் பிறகு திணறாதே. வியாழக்கிழமைக்குள் வந்தால், வெள்ளியன்று நானே அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அப்பாவுக்கு இப்போது இருமல் குறைந்திருக்கிறது.

உன் அம்மை