சைகோனுக்குப் போகாமலே திரும்புகிறேன், ஆச்சி

என் கூடப்பிறந்த அக்கா, அன்புள்ள ஆச்சிக்கு,

வியட்நாமின் சைகோனுக்கு எடுத்த பயணச்சீட்டை இன்று காலை ரத்து செய்துவிட்டேன். சிங்கப்பூரிலிருந்து நேரே திருச்சிக்கு வருகிறேன். முன்னோர்களுக்கு நாம் செய்யும் படைப்புக்கு முன்பே வீட்டில் இருப்பேன். தொலைபேசியில் சொன்னால் மறுபடியும் இருவரும் குரல் உயர்த்துவோம் என்பதால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படி எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் ஊர் சுற்றுவதில் என்ன களைப்பு என்று நீங்கள் கேட்ட அதே கேள்வியை ஊரில் பலரும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியே பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நம் தாத்தா, ஐயாவின் கடை சைகோனில் இருந்த தெருவைப் படமெடுத்து வருவதாக உங்களிடம் சொல்லியிருந்தேன். அது இல்லாமல் வருவதில் எனக்கு வருத்தம்தான். போயிருந்தாலும் என் கண்ணில் எதுவும் பதிந்திருக்காது, ஆச்சி. முந்தாநாள் சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் போனேன். 1859-இல் நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எழுப்பி, பின்னாளில் புதுப்பித்த கோயில்; கூரையில் பதித்த 48 கண்ணாடிப் பலகைகளையும் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று கிளம்பும்போதே குறித்து வைத்திருந்தேன். தூணோரம் உட்கார்ந்தேன், தலையைத் தூக்கவே தோன்றவில்லை. பினாங்கிலும் அப்படித்தான்: தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் கோயில் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, மதியம் எங்கே சாப்பிடுவது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கால் வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. எந்தப் பேருந்து, எந்த விடுதி, இந்த ஊர்ப் பணத்தில் இது எவ்வளவு, இவரை நம்பலாமா, இருட்டுவதற்குள் திரும்ப முடியுமா என்று மாதக்கணக்கில் ஒவ்வொன்றையும் நான் ஒருத்தியாகவே முடிவு செய்து வந்ததில், முடிவு செய்கிற சக்தியே தீர்ந்துவிட்டது. விடியற்காலையில் கை சுவரைத் தடவி விளக்கு சுவிட்சைத் தேடுகிறது. அது கிடைத்த பிறகுதான் எந்த ஊரில் படுத்திருக்கிறேன் என்று நினைவு வருகிறது. பாங்காக்கில் அப்படியே செருகிய நம் ஊர் சார்ஜர் மலேசியாவில் நுழையாது. அடாப்டரைத் தேடிப் பையைக் கட்டிலில் கவிழ்த்தபோது அழுகை வந்தது. நீங்கள் கொடுத்தனுப்பிய தேன்குழல் டின் அப்போது உருண்டு விழுந்தது. காலியாகி வெகுநாளாகியும் தூக்கிப் போட மனம் வராமல், சோப்பும் ஊசிநூலும் போட்டு அதைச் சுமந்து வருகிறேன்.

நம்மைப் பெற்ற அப்பச்சி சிதம்பரம் கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கி, இரவு ரயிலேறிக் காரைக்குடிக்கு வந்த அந்தக் காலை உங்களுக்கு நினைவிருக்கிறதா? மலாயாவில் கணக்கு முடித்து வந்தவர், வளவுக்குள் கூட வராமல் முகப்பிலேயே தேக்குத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். சட்டையைக் கழற்றவில்லை. பெட்டிச் சாவியை ஆத்தா கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். அங்கே என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று நான் அவர் முழங்காலைப் பிடித்து உலுக்கினேன். நீங்கள்தான் என் கையைப் பிடித்து இரண்டாம் கட்டுக்கு இழுத்துப் போனீர்கள். "தூங்கட்டும், விடுடி" என்றீர்கள். அன்று முழுவதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒருவரையும் வாசலில் விளையாட விடவில்லை.

அந்த வயதில் உங்களுக்குப் புரிந்தது இப்போது எப்படிப் புரியாமல் போயிற்று? போன வாரம் நான் களைப்பாக இருக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள், "ஊர் சுற்றுகிறவளுக்கு என்ன களைப்பு" என்றீர்கள். அப்பச்சியின் கடைசி மாதங்களைப் பற்றி அடுத்து நீங்கள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை; பங்காளிகளும் படிப்பார்கள். நான் அனுப்பியது பணம் மட்டும் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். அவ்வளவு போதும்.

நம் வீட்டில் கடல் தாண்டியவர்களெல்லாம் ஆண்கள். அவர்களும் தனியாகப் போய்விடவில்லை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒரு கடைக்கே இத்தனை பேர். கடையும் தங்குமிடமும் ஒன்றான கிட்டங்கியில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள், ஒரே சமையல், கும்பிடக் கோயில். திரும்பி வந்தால் வெந்நீர் வைக்க ஒரு வீடே காத்திருந்தது. எனக்கு வெந்நீர் வைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. போகாமல் விட்ட இடத்தையே கணக்குப் பார்க்காமல் இருந்தால் போதும்.

பினாங்கில் அப்பச்சி இருந்த தெருவில் நடந்தேன் என்பதை உங்களிடம் இன்னும் சொல்லவே இல்லை. உங்களைக் கூட்டிப் போயிருக்க வேண்டும் என்று அங்கே தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது, இவ்வளவு கோபத்திலும்.

திருச்சிக்குக் கார் அனுப்ப வேண்டாம், புதுக்கோட்டை வழியாகப் பேருந்தில் வந்துவிடுவேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அனுப்புங்கள்; அதில் நீங்களும் வாருங்கள். சைகோன் தெருப் பெயர் உள்ள ஐயாவின் கடிதத்தை உங்களிடமே தந்துவிடுகிறேன். படைப்பு முடிந்ததும் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடுங்கள், நான் படிவம் நிரப்பித் தருகிறேன். முழங்கால் வலி என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் தங்கச்சி