யூ.எம்.எல். செய்முறைத் தேர்வை மாற்ற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பொறியியல் கல்லூரிகளில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கு, பொருள்நோக்குப் பகுப்பாய்வும் வடிவமைப்பும் (Object Oriented Analysis and Design) என்ற பாடம் ஆய்வகப் பயிற்சியோடு பல ஆண்டுகளாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. ஒரு மென்பொருளின் அமைப்பையும் இயக்கத்தையும் கட்டங்களாலும் கோடுகளாலும் காட்டும் யூ.எம்.எல். (Unified Modeling Language) வரைபடங்கள்தான் அந்தப் பாடத்தின் உயிர். ஆனால் நாம் தேர்வு நடத்துகிற விதம் அந்த உயிரை எடுத்துவிட்டது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகப் பாடத்திட்டக் குழுவினருக்கும் சக ஆசிரியர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். மென்பொருள் நிறுவனங்களில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஆசிரியப் பணிக்கு வந்தவன் என்பதால், வரைபடம் தொழிலில் எதற்குப் பயன்படுகிறது, வகுப்பறையில் என்னவாகிப் போகிறது என்ற இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

சென்ற பருவத்தில் ஒரு கல்லூரிக்கு வெளித்தேர்வாளராகச் சென்றிருந்தேன். ரயில் முன்பதிவு என்ற தலைப்பை எடுத்திருந்த மாணவியின் ரெக்கார்டு நோட்டில், ஸ்கேல் வைத்து வரைந்த ஒன்பது வரைபடங்கள் அச்சடித்தது போல இருந்தன. மென்பொருளில் வரும் ஒவ்வொரு வகைப் பொருளையும் ஒரு கிளாஸாக, அதன் விவரங்களோடும் உறவுகளோடும் காட்டுவது கிளாஸ் டயகிராம். அதில் பயணச்சீட்டு என்ற கட்டத்துக்குள் பி.என்.ஆர்., தேதி, கட்டணம், நிலை என்று வரிசையாக எழுதியிருந்தார். “ஒரே பி.என்.ஆரில் நான்கு பேருக்கு முன்பதிவு செய்கிறோம். இரண்டு பேருக்கு இடம் உறுதியாகிவிட்டது, ஒருவர் ஆர்.ஏ.சி.யில் இருக்கிறார், இன்னொருவர் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார் என்றால், நிலை என்ற இடத்தில் எதையம்மா எழுதுவாய்?” என்று கேட்டேன். சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், பென்சிலை எடுத்து நிலையை அடித்துவிட்டுப் பக்கத்தில் இருந்த பயணி என்ற கட்டத்துக்குள் எழுதினார். பிறகு, நான் கேட்காமலேயே, இரண்டு கட்டங்களையும் இணைக்கும் கோட்டின் ஒரு முனையில் 1 என்றும் மறுமுனையில் 1..6 என்றும் குறித்தார். ஒரு சீட்டில் ஆறு பேர் வரை போகலாம் என்பது வீட்டில் எல்லோருக்கும் டிக்கெட் எடுத்துப் பழகியவருக்குத் தெரியாமல் இருக்குமா? அடுத்து, ஒரு சீட்டு எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாறும் என்பதை அம்புக்குறிகளால் காட்டும் ஸ்டேட் டயகிராமுக்குப் போனோம். பயணி தாமாக ரத்து செய்வதற்கு அதில் அம்புக்குறி இருந்தது. சார்ட் தயாரான பிறகும் எல்லோருமே காத்திருப்புப் பட்டியலில் இருந்தால் இ-டிக்கெட் தானாக ரத்தாகிப் பணம் திரும்பி வருவதற்கு அம்புக்குறி இல்லை. அதையும் அவரே கண்டுபிடித்துச் சேர்த்தார்.

அந்தப் பத்து நிமிடங்களில் நடந்ததுதான் இந்தப் பாடம். முந்தைய நான்கு மாதங்களில் அது ஒருமுறைகூட நடக்கவில்லை என்று அந்த மாணவியே சொன்னார். மூத்த மாணவர்களின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறார்கள்; இல்லையென்றால் நிரலை (புரோகிராமை) முதலில் எழுதிவிட்டு, அதிலிருந்து கிளாஸ் டயகிராமை எடுத்துத் தரும் மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்திப் பிரதி எடுத்து ஒட்டுகிறார்கள். வீடு குடிபோன பிறகு மேஸ்திரியிடம் பிளான் கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. பிழையைக் கோட்டளவில் கண்டுபிடித்து ரப்பரால் அழிப்பதற்காகத்தான் வரைபடம் இருக்கிறது. நிரலாகிவிட்ட பிறகு அதே பிழையை அழிக்க ஆகும் செலவு வேறு.

அந்தச் செலவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நிறுவனத்தில் இருந்தபோது ஒரு துணிக்கடைக்கு பில் போடும் மென்பொருள் செய்துகொடுத்தோம். வாடிக்கையாளர் கட்டத்துக்கும் பில் கட்டத்துக்கும் இடையே வெறும் கோடு இருக்க வேண்டிய இடத்தில், எங்கள் குழுவில் ஒருவர் கோட்டின் முனையில், உள்ளே கறுப்பு நிரப்பிய டைமண்ட் வடிவக் குறியைப் போட்டிருந்தார். நிரப்பிய டைமண்ட் என்றால், முழுமை அழியும்போது அதன் உறுப்பும் சேர்ந்து அழியும் என்று பொருள். பில்லுக்கும் அதில் ஒவ்வொரு துணிக்கும் போடும் பதிவுக்கும் அது சரி. வாடிக்கையாளருக்கும் பில்லுக்கும் அது தவறு. படத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். படத்தில் இருந்தபடியே நிரலும் எழுதப்பட்டது. இரண்டு முறை பதிவாகியிருந்த ஒரு வாடிக்கையாளரின் பெயரைக் கடையில் நீக்கியபோது, அவர் பெயரில் இருந்த பழைய பில்கள் அத்தனையும் போய்விட்டன. கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய வாரம் அது. பேக்கப்பிலிருந்து மீட்டெடுக்க எங்களுக்கு நான்கு இரவுகள் ஆயின. குறியீட்டின் பொருளை அறிந்து, அதை ஒவ்வொரு கோட்டிலும் கேட்டுப் பார்க்கும் பழக்கம் எங்களில் ஒருவருக்கு இருந்திருந்தால் அது நேர்ந்திருக்காது.

இந்தக் குறியீடுகளுக்குப் பொதுப் பொருள் கிடைத்ததே பெரும் முயற்சிக்குப் பிறகுதான். 1990-களின் தொடக்கத்தில் ஆளுக்கொரு குறியீட்டு முறை இருந்தது. மென்பொருள் வல்லுநர் கிரேடி பூச் கிளாஸை மேகம்போல வரைந்தார். ஜெனரல் எலக்ட்ரிக்கில் இருந்த ஜேம்ஸ் ரம்பாக் கட்டமாக வரைந்தார். எரிக்சன் தொலைபேசி நிறுவனத்தில் வளர்ந்த இவார் யாக்கோப்சன், பயனர் மென்பொருளைக் கொண்டு என்ன செய்கிறார் என்பதை விவரிக்கும் யூஸ் கேஸிலிருந்து தொடங்கினார். மூவரும் ரேஷனல் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒன்றுசேர்ந்து உழைத்ததன் பலனாக, 1997 நவம்பரில், மென்பொருள் துறைக்குத் தரநிலைகளை வகுக்கும் ஓ.எம்.ஜி. (Object Management Group) அமைப்பு யூ.எம்.எல்.லைத் தரநிலையாக ஏற்றது. 2005-ல் அது ஐ.எஸ்.ஓ. தரநிலையும் ஆனது. சென்னையில் ஒருவர் வரைந்ததை ஸ்டாக்ஹோமில் ஒருவர் அதே பொருளில் படிக்கலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது. பொருளை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் படியெடுக்கும் மாணவருக்கு அந்தப் பலன் எதுவும் போய்ச் சேர்வதில்லை.

வேகமாக வேலை நடக்கும் இந்தக் காலத்தில் யார் உட்கார்ந்து வரைகிறார்கள் என்று கேட்போர் உண்டு. யூ.எம்.எல்.லில் உள்ள 14 வகை வரைபடங்களையும் எவரும் வரைவதில்லை என்பது உண்மை. வரையச் சொல்லவும் வேண்டாம். ஆனால் ஒரு சிக்கலான இடம் வந்துவிட்டால், இன்றும் நிறுவனங்களில் யாராவது ஒருவர் எழுந்து வெள்ளைப் பலகையில் நான்கு கட்டங்களையும் அம்புக்குறிகளையும் போட்டுத்தான் விளக்குகிறார். அந்த நான்கு கட்டங்களைச் சரியாகப் போடத் தெரிந்தால் போதும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒரு தலைப்புக்கு ஒன்பது படம் என்ற கணக்கை விட்டுவிட்டு கிளாஸ், சீக்வென்ஸ் (எது எந்த வரிசையில் நடக்கிறது என்று காட்டுவது), ஸ்டேட் ஆகிய மூன்றை மட்டும் ஆழமாகக் கேளுங்கள். மென்பொருளின் எந்தப் பகுதி எந்தக் கணினியில் இயங்கும் என்று காட்டும் டிப்ளாய்மென்ட் டயகிராம், சிறிய திட்டங்களுக்கு வரையப்படும்போது பெரும்பாலும் எல்லா ரெக்கார்டிலும் அதே மூன்று பெட்டிகள்தான். தேர்வறையில் ரேஷன் கடை, பேருந்துப் பயண அட்டை, விடுதி மெஸ் கணக்கு என மாணவர் அறிந்த ஒரு நடைமுறையை அன்றே கொடுத்து, நிரல் இல்லாமல், வெள்ளைத்தாளில் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். மதிப்பெண்ணில் பாதியை, தேர்வாளர் கேட்கும் கேள்விக்கு ஏற்ப மாணவர் தம் படத்தைத் திருத்துவதற்கு ஒதுக்குங்கள். எழுத்தில் தருவதை வரைபடமாக்கும் பிளாண்ட்யூஎம்எல், மெர்மெய்ட் போன்ற இலவசக் கருவிகளை அதன் பிறகு கற்றுக்கொடுக்கலாம்.

அடித்தல் திருத்தல் இருந்தால் ரெக்கார்டுக்கு மதிப்பெண் குறைக்கும் வழக்கத்தையும் இந்தப் பாடத்துக்கு மட்டுமாவது கைவிட வேண்டும். அன்று அந்த மாணவியின் நோட்டில் பென்சில் திருத்தம் இருந்த பக்கத்துக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று உள்தேர்வாளரிடம் வெகுநேரம் பேச வேண்டியிருந்தது. அவர் கடைசியில் ஒப்புக்கொண்டார்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்.