பார்த்துக்கொள் என்றால் பார்ப்பதா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. கண்ணில் புரை எடுத்த பிறகு இப்போதுதான் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. தாமதத்துக்குத் திட்டாதே.

பேரன் 'ஹேங் ஆன்' என்றதும் நீ போனை வைத்துவிட்ட கதையைப் படித்து வீடே சிரித்தது. அவன் 'கொஞ்சம் இரு தாத்தா' என்றிருக்கிறான். வைக்கச் சொல்வதென்றால் 'ஹேங் அப்'. தாத்தாவுக்கு என்ன கோபம் என்று பிள்ளை குழம்பியிருப்பான். நான் மட்டும் என்ன ஒழுங்கு? வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட்டம் 'கால்டு ஆஃப்' என்று தகவல் வந்தது. 'கால்' என்றால் கூப்பிடுவதுதானே என்று நோட்டும் பேனாவுமாகப் போய், முக்கால் மணி நேரம் காலி நாற்காலிகளோடு உட்கார்ந்திருந்தேன். கூட்டம் ரத்து என்று சொன்னவர், விளக்கை அணைக்க வந்தவர்தான்.

அதற்காக நீ 'ஃப்ரேசல் வெர்ப்' (இப்படி வினையோடு ஒரு குட்டிச் சொல் ஒட்டி வேறு பொருள் தரும் சேர்க்கை) பட்டியல் வாங்கி, நாளைக்கு இருபது என்று மனப்பாடம் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். 'புட் ஆன்' உடுத்துவது, 'புட் அவுட்' நெருப்பை அணைப்பது, 'புட் ஆஃப்' தள்ளிப்போடுவது, 'புட் அப் வித்' பொறுத்துக்கொள்வது. எல்லாம் ஒரே மூச்சில். மறுநாள் சட்டையை அணைத்து, நெருப்பை உடுத்திக்கொண்டு நின்றேன்.

எனக்குக் கண் திறந்தது தமிழை வைத்துத்தான். 'குழந்தையைப் பார்' என்பதும் 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்பதும் ஒன்றா? முதலாவது 'லுக் அட்', இரண்டாவது 'லுக் ஆஃப்டர்'. வேலையைத் தள்ளிப்போடுகிறோமே, அதில் எதைத் தள்ளுகிறோம், எங்கே போடுகிறோம்? 'கொடுத்துவிடு' என்பதை முன்பின்னாக மாற்றினால் 'விட்டுக்கொடு'. பொருள் எங்கேயோ போய்விடுகிறது. நம் மொழியைக் கற்கும் ஒருவரிடம் 'அவன் என்னைப் போட்டுக்கொடுத்துவிட்டான்' என்று சொல்லிப்பார். அகராதியில் மூன்று சொல்லையும் தேடிவிட்டு அழுதுவிடுவார். நாம் யாரும் இவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை, ஒரே சொல்லாகத்தான் காதில் வாங்குகிறோம். 'ஹேங் ஆன்' என்பதையும் அப்படி வாங்கிக்கொள்.

நாம் வினையோடு இன்னொரு வினையை ஒட்டுகிறோம், அவர்கள் மேலே, கீழே, வெளியே என்கிற மாதிரி ஒரு குட்டிச் சொல்லை ஒட்டுகிறார்கள். அந்தக் குட்டிச் சொல்லுக்கும் ஒரு குணம் உண்டு. 'ஈட் அப்', 'யூஸ் அப்' இரண்டிலும் 'அப்' மேலே போவதில்லை. மிச்சம் வைக்காமல் தீர்ப்பது, நம் 'சாப்பிட்டுவிடு'வில் வரும் 'விடு' மாதிரி. ஆனால் இதை ரொம்பவும் நம்பாதே. படிவத்தை 'ஃபில் இன்' செய்தாலும் 'ஃபில் அவுட்' செய்தாலும் அதே படிவம்தான் நிரம்புகிறது!

உனக்கு ஓர் ஆறுதல். 1755இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே அயலாரை மிகவும் சிரமப்படுத்துவது இந்தச் சேர்க்கைதான் என்று எழுதிவைத்திருக்கிறார். ஆக உன் அவஸ்தை புதிதல்ல.

இன்னொன்று. நாம் பள்ளியில் படித்தது 'புட் ஆஃப்'புக்குப் பதில் 'போஸ்ட்போன்', 'புட் அப் வித்'துக்குப் பதில் 'டாலரேட்' என்கிற வகை ஆங்கிலம். நீ அப்படியே பேசினாலும் பேரனுக்குப் புரியும், கொஞ்சம் வாத்தியார் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். சிக்கல் அவன் பேசுவது உனக்குப் புரிவதில்தான். அதனால் இப்போதைக்குக் கேட்பதை மட்டும் கவனி. அவன் வாயிலிருந்து வந்த முழு வாக்கியத்தை, எப்போது சொன்னான் என்பதோடு எழுதிவை. வாரத்துக்கு நாலைந்து போதும்.

பேச ஆரம்பிக்கும்போது ஓர் இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் விளக்கை 'அது' என்று சொல்லும்போது 'டர்ன் இட் ஆஃப்' மட்டும்தான். 'டர்ன் ஆஃப் இட்' வராது. அதற்காக எல்லாவற்றையும் பிரித்துவிடாதே, 'லுக் அட் இட்' பிரியாது. வாய்விட்டுச் சொல்லிப்பார்: 'டர்ன் இட் ஆஃப்' என்னும்போது அழுத்தம் 'ஆஃப்' மேல் விழும், 'லுக் அட் இட்' என்னும்போது 'அட்' சத்தமில்லாமல் நழுவிப் போகும். விதி மறந்தபோதெல்லாம் எனக்கு இந்த ஓசைதான் கைகொடுத்தது.

சரி, ஞாயிற்றுக்கிழமை பேரன் கூப்பிடும்போது நீயே 'ஹேங் ஆன்' என்று சொல்லிவிட்டுப் போய்க் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வா. அவன் இருக்கிறானா, வைத்துவிடுகிறானா என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்