முரளிக்கு: நீ சொன்ன காரணத்துக்கு என் பதில்

அன்புள்ள முரளிக்கு,

நான் நலம். நீயும் சுதாவும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எப்போதும் என் நினைப்பு. உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததைச் சித்தப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உன் வாயால் கேட்டிருந்தால் இன்னும் நிறைவாக இருந்திருக்கும். என்றாலும் அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பொறுப்பு கூடும்போது தூக்கம் குறையும், தூக்கம் குறைந்தால் சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். நேரத்துக்குத் தூங்கு.

சென்ற முறை பேசியபோது, சுதா ஏன் என்னிடம் முன்போல் பேசுவதில்லை என்று கேட்டேன். அதற்கு நீ, "இத்தனை காலம் சிறையில் வேலை பார்த்த உனக்குத் தெரியாதா அம்மா, உள்ளே இருப்பவர்களில் எத்தனை பேர் பெண்கள்? ஆண் என்றால் கோபம் வரத்தான் செய்யும், அதிலும் நம் வீட்டு ரத்தம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாய். நான் கேட்டதற்கும் நீ சொன்னதற்கும் என்ன தொடர்பு என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தொடர்பை நீயாகச் சொல்லும்வரை நான் துருவிக் கேட்கப்போவதில்லை. ஆனால் நீ சொன்ன காரணத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. நலன் அலுவலராக ஆண்கள் பிரிவுக்கும் பெண்கள் பிரிவுக்கும் நடந்து நடந்தே ஓய்வு பெற்றவள் நான்.

நீ சொன்ன கணக்கு சரிதான். உலகச் சிறைகளில் இருப்பவர்களில் பெண்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் இருக்கிறார்கள். போதைப்பொருள் மற்றும் குற்றங்களுக்கான ஐ.நா. அலுவலகம் 2019-இல் வெளியிட்ட உலகளாவிய கொலை ஆய்வறிக்கையின்படி, கொலை வழக்குகளில் சந்தேகத்துக்கு உள்ளானவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆண்கள். கொல்லப்பட்டவர்களிலும் பத்தில் எட்டுப் பேர் ஆண்களே. இது இன்று நேற்று வந்ததும் அல்ல. பெல்ஜியத்தின் புள்ளியியல் அறிஞர் அடால்ஃப் கெட்லே குற்றக் கணக்குகளை ஆராய்ந்து, குற்றத்தில் பாலினத்துக்கும் வயதுக்கும் உள்ள பங்கை 1831-இலேயே எழுதிவிட்டார். ஆகவே வித்தியாசம் உண்டா என்பதில் நமக்குள் வழக்கில்லை. அதற்கு நீ சொல்லும் காரணத்தில்தான் வழக்கு.

காரணம் தேடிப் போனவர்களின் கதையைப் படித்தால் மனம் கசந்துபோகும். இத்தாலியின் குற்றவியல் அறிஞர் சேசரே லொம்ப்ரோசோ, ஃபெரேரோவுடன் சேர்ந்து 1893-இல் எழுதிய நூலில், பெண் பரிணாமத்தில் ஆணுக்குப் பின்தங்கியவள், அதனால்தான் குற்றம் செய்யும் வேகம் அவளிடம் குறைவு, அதையும் மீறிக் குற்றம் செய்பவள் இயற்கைக்கே மாறான கொடும்பிறவி என்று சாதித்தார். 1950-இல் அமெரிக்க ஆய்வாளர் ஓட்டோ போலக், பெண்களின் குற்றங்கள் வெளியே தெரியாமல் மறைந்துபோகின்றன, காவலரும் நீதிபதியும் இரக்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள் என்றார். 1975-இல் அதே நாட்டின் குற்றவியல் அறிஞர் ஃப்ரீடா ஆட்லர், பெண்கள் வேலைக்கும் பதவிக்கும் வரவர, குற்றத்திலும் ஆணை நெருங்கிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார். அவர் எழுதி ஒரு தலைமுறைக்கும் மேல் ஆகிவிட்டது. சில்லறைத் திருட்டிலும் மோசடியிலும் இடைவெளி குறைந்த நாடுகள் உண்டு, கொலையில் அது இன்றும் அகன்றே கிடக்கிறது. மூவரும் பெண்ணைத்தான் கூண்டில் ஏற்றி விசாரித்தார்கள் என்பதைக் கவனி. ஆண் ஏன் இவ்வளவு செய்கிறான் என்பது யாருக்கும் பெரிய கேள்வியாகப் படவில்லை. நீயும் அன்று அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளாமல் பதிலாக வைத்துவிட்டுப் போனாய்.

ரத்தம் என்றாய். 1965-இல் ஸ்காட்லாந்தில் பலத்த காவல் உள்ள ஒரு மருத்துவமனையில், ஆணாகப் பிறக்கச் செய்யும் ஒய் குரோமோசோம் ஒன்று கூடுதலாக உள்ள ஆண்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் இருப்பது தெரிய வந்ததும், வன்முறையின் வேர் பிடிபட்டுவிட்டது என்று பெரிய பேச்சு கிளம்பியது. கோபன்ஹேகனில் பிறந்த ஆண்களின் பதிவுகளை எடுத்துச் சரிபார்த்து 1976-இல் வெளியான ஆய்வில், அந்தக் கூடுதல் குரோமோசோம் உள்ளவர்கள் வன்முறையில் முந்தி நிற்கவில்லை என்று தெரிந்தது. அவர்கள் சிக்கியவை பெரும்பாலும் சிறு குற்றங்கள். உடம்புக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேற்கு ஐரோப்பாவில் இடைக்காலத்தின் இறுதியில் லட்சம் பேருக்கு இருபதுக்கும் மேல் இருந்த கொலைகள், இருபதாம் நூற்றாண்டில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கின. இன்றும் ஜப்பானில் லட்சத்துக்கு ஒன்றைக்கூட எட்டாத கொலை விகிதம், மத்திய அமெரிக்க நாடுகள் சிலவற்றில் பல மடங்காக இருந்திருக்கிறது. ஆணின் குரோமோசோமும் ஹார்மோனும் எங்கும் ஒன்றுதானே? சில நூற்றாண்டுகளில் ரத்தம் மாறாது. கையை ஓங்கினால் என்ன ஆகும், யார் தட்டிக் கேட்பார்கள், கேட்காமல் விடுவார்கள் என்பது மாறும்.

நம் வீட்டு ரத்தத்தையே எடுத்துக்கொள். உன் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பெரியம்மா ஏன் எல்லா விசேஷங்களுக்கும் தனியாகவே வந்தாள், வந்த இடத்தில் ஏன் தங்காமல் போனாள் என்பது உனக்கும் தெரியும். உன் அப்பாவுக்கும் அதே மூக்கு நுனிக் கோபம்தான். ஆனால் அது வந்த நிமிஷம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கிவிடுவார். எவ்வளவு நேரம் நடந்தார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நீயும் அப்படிச் செய். கோபம் வந்தால் வாக்குவாதத்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போய் நட.

கனடாவின் உளவியல் ஆய்வாளர் ரிச்சர்ட் ட்ரம்ப்ளே குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கண்டது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மனிதர்கள் அதிகமாக அடிப்பதும் கடிப்பதும் தள்ளிவிடுவதும் இளைஞர்களாக இருக்கும்போது அல்ல, இரண்டு மூன்று வயதில்தான். பையன்கள் அந்த வயதிலேயே சற்று அதிகம் அடிக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் பெரும்பாலான குழந்தைகள், ஆணோ பெண்ணோ, அடிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அடிப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நிறுத்துவதைத்தான் சொல்லித்தர வேண்டும். பெண் குழந்தை கை ஓங்கினால் நாலு பேர் கண்டிக்கிறார்கள். பையன் ஓங்கினால் அதே நாலு பேர், ஆம்பளைப் பிள்ளை அப்படித்தான் இருப்பான் என்று சிரிக்கிறார்கள். உன் மகன் இப்போது சரியாக அந்த வயதில் இருக்கிறான். அவன் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறான் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சமுதாயம் சொல்லும் காரணம் சட்டமாகவே மாறிவிடுவதும் உண்டு. மனைவியை வேறொருவனோடு கண்ட கணவன் ஆத்திரத்தில் அந்த ஆணைக் கொன்றால், அது முழுக் கொலை ஆகாது என்று இங்கிலாந்தின் நீதிமன்றம் 1707-இல் விளக்கியது. திடீர்க் கோபம் தண்டனையைக் குறைக்கும் என்ற விதி அப்படித்தான் வேர்விட்டது. திடீரென்று பொங்கி, கையில் வலுவும் இருப்பவனுக்கு அந்த விதி பொருந்தியது. வருஷக்கணக்கில் அடி வாங்கி, எதிர்த்து நிற்க உடம்பில் பலமில்லாமல், அவன் தூங்கும்வரை காத்திருந்தவளுக்கு அது பொருந்தவில்லை. அதே இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா என்ற பெண், பத்தாண்டுச் சித்திரவதைக்குப் பிறகு 1989-இல் தூங்கிக்கொண்டிருந்த கணவனுக்குத் தீ வைத்தாள், அவன் இறந்தான். இடையில் யோசிக்க நேரம் இருந்தது, ஆகவே இது திடீர்க் கோபம் இல்லை என்று கொலைக் குற்றத்துக்கான ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1992-இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி, அவள் வெளியே வந்தாள். கோபம் திடீரென்று வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்த நாடு 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் எடுத்தது. அவள் செய்ததை நான் சரி என்று சொல்ல மாட்டேன். அவளுடைய அச்சத்தை அளக்க ஆணின் கோபத்தை அளவுகோலாக வைத்தார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆண்கள் பிரிவில் மனைவியை அடித்து வந்தவர்களும் கொன்று வந்தவர்களும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "ஏதோ ஒரு வேகத்துல கை நீண்டுருச்சு மேடம்." சொல்லும்போது சிலர் தங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், அது வேறு யாருடையதோ என்பதுபோல. அதே மனிதரை ஜெயிலர் எல்லார் முன்னாலும் தரக்குறைவாகப் பேசுவதையும் நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் அதில் பத்தில் ஒரு பங்கு பேச்சுக்குத் தாங்காத மனிதர் அங்கே கை கட்டி, கண்ணைத் தாழ்த்தி நின்றார். கை நீளவில்லை. யாரிடம் நீளலாம், யாரிடம் நீளக்கூடாது என்பது அந்தக் கைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆண்கள் ஆண்களைத்தான் அதிகம் கொல்கிறார்கள் என்று மேலே எழுதினேனே, வீட்டுக்குள் வந்தால் கணக்கு புரண்டுவிடுகிறது. 2017-இல் உலகம் முழுவதும் கொல்லப்பட்ட ஏறத்தாழ 87,000 பெண்களில் 50,000 பேரைக் கொன்றது கணவனோ துணைவனோ குடும்பத்தினரோதான் என்று அதே ஐ.நா. ஆய்வு சொல்கிறது. உன் அலுவலகத்தில் உன் மேலாளர் உன்னைக் கடிந்து பேசியதே இல்லையா? அப்போது என்ன செய்தாய் என்று நினைத்துப் பார்.

மனு போட்டுக் கைதிகளைப் பார்க்க வரும் நாட்களில் ஆண்கள் பிரிவின் வெளியே வரிசை நீளும்; நிற்பவர்கள் பெரும்பாலும் மனைவிகளும் தாய்மார்களும். பெண்கள் பிரிவில் வரிசை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. அம்மா வருவாள், எப்போதாவது அக்கா வருவாள். கணவன் வருவது அபூர்வம். அவன் செய்தால் கோபத்தில் செய்த தவறு, காத்திருக்கலாம். அவள் செய்தால் குடும்பத்துக்கே களங்கம், மறந்துவிடலாம். உள்ளே இருந்த பெண்களில் எத்தனையோ பேர் முதலில் அடிபட்டவர்கள், பிறகுதான் குற்றவாளிகள். அவர்களுடைய பேச்சில் கை நீண்டது என்ற சொல்லே வராது. என்றைக்கு முதல் அடி விழுந்தது, அன்று யாரிடம் சொன்னேன், அவர்கள் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று நாள் வாரியாகச் சொல்வார்கள். திருப்பி அனுப்பியவர்களில் மாமியாரும் இருந்தாள், பெற்ற தாயும் இருந்தாள்.

நீ நல்ல பிள்ளை. ஆசிரியர்கள் உன்னைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் "நம் வீட்டு ரத்தம்" என்று நீ சொன்னது நெஞ்சில் முள்ளாகத் தைத்து நிற்கிறது. ஆண்களில் மிகப் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் யாரையும் அடிக்காமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். அவர்களுக்கும் உனக்கு இருக்கும் அதே உடம்புதான். பிலிப்பைன்ஸ் ஆண்களைப் பின்தொடர்ந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு முடிவைக்கூட உனக்குச் சொல்லத் தோன்றுகிறது: தந்தையான ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைகிறது, குழந்தையைத் தினமும் நெடுநேரம் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இன்னும் குறைவாக இருக்கிறது. உடம்பே வாழ்கிற வாழ்க்கைக்கு வளைந்துகொடுக்கும்போது, உடம்பின் மேல் பழியைப் போடாதே. குழந்தையைக் குளிப்பாட்டு, தூங்கவை. கோபம் வந்தால் வெளியே போய் நட. மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ பேச வேண்டும் என்று தோன்றினால் வெட்கப்படாமல் போ. சிறைக்குள் அப்படிப் பேசத் தொடங்கிய ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். வெளியே இருக்கும்போதே பேசியிருக்கலாம் என்றுதான் அவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

அடுத்த மாதத் தொடக்கத்தில் அங்கே வருகிறேன். சுதாவோடு நான் தனியாகப் பேச வேண்டும். அந்த நேரத்தில் நீ குழந்தையை வெளியே அழைத்துப் போ. அவள் சொல்வதை நான் முழுதாகக் கேட்பேன், அவளைச் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்பமாட்டேன். அவள் சில காலம் என்னோடு வந்து இருக்க விரும்பினால், குழந்தையோடு அழைத்து வருவேன். நீ அதைத் தடுக்கக் கூடாது. அதுவரை என்னை அழைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றினால், எந்த நேரமானாலும் என் போன் திறந்தே இருக்கும் என்று அவளிடம் சொல்.

அன்புடன்,
அம்மா